கணினி காட்டும் நாட்காட்டி

நேயர்களே, வீட்டுச் சுவரிலே தொங்கும் பொருள்களுள் எல்லார் கண்ணும் நாள்தோறும் படுவது நாட்காட்டி. கடன் தவணை, பரீட்சை, சம்பளம், விரதம், கலியாணம் ஆகிய யாவும் அதன் கட்டங்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. எனினும் நாம் நாட்காட்டியைப் பார்க்கிறோமேயன்றி நாட்காட்டியைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. ஞாயிறு எழுவதும் திங்கள் தேய்வதும் போல அதுவும் இயற்கையாக அமைந்ததென்றே கருதிவிடுகிறோம். இக்காலத்திலோ அந்த அட்டவணையைக் கணினியே ஒரு நொடிக்குள் எழுதித் தந்துவிடுகிறது. இயந்திரம் கணக்கிற் பிழைவிடாது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்ள, நாட்காட்டி ஐயத்துக்கு அப்பாற்பட்ட ஒன்றாகிவிட்டது.

ஆயினும் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். 1752 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்துக்கு எத்தனை நாள் என்று இரண்டு கணினி நிரல்களைக் கேட்டால், ஒன்று 30 என்னும். மற்றொன்று 19 என்னும். இரண்டும் பழுதற்ற நிரல்கள். இரண்டும் உலகெங்கும் வழங்குவன. இந்த முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது, அது நமக்கு எதனைக் கற்பிக்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், கணினி நாட்காட்டியை எவ்வாறு அமைக்கிறது என்பதை அறிந்துகொள்வோம். நிரல் எழுதுவோர் ஒவ்வொரு வேலையையும் அடியிலிருந்து தொடங்குவதில்லை. பலருக்கும் வேண்டப்படும் வேலைகளுக்கான நிரல்களை முன்னரே எழுதித் தொகுத்து வைத்திருப்பர். அத்தொகுதிக்கு நிரல் நூலகம் என்று பெயர். பைதன் என்னும் கணினிமொழியை ஒல்லாந்து நாட்டவரான கீடோ வான் ரொசும் ஆக்கி 1991 இல் வெளியிட்டார். அம்மொழியோடு கூடவே வரும் நூலகத்தில் நாட்காட்டிக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஆண்டையும் மாதத்தையும் கொடுத்தாற் போதும். மாதத்தின் முதல் நாள் என்ன கிழமை, மாதத்துக்கு எத்தனை நாள் என்னும் இரண்டையும் அது கணித்துக்கொள்ளும். இவ்விரண்டும் தெரிந்தபின் எஞ்சுவது அடுக்குகிற வேலைதான்.

மேலே மாதத்தின் பெயரும் ஆண்டும் நடுவில் நிற்கும். அதன்கீழ் ஏழு கிழமைகளின் சுருக்கப் பெயர்கள். அவற்றின்கீழ் நான்கு முதல் ஆறு வரையான வரிகளில் நாட்கள். முதல் நாளுக்கு முன்னும் கடைசி நாளுக்குப் பின்னும் உள்ள கட்டங்களுக்கு நிரல் தன்னுள்ளே பூச்சியம் இட்டுக்கொள்ளும். எழுதிக் காட்டும்போது அவ்விடங்களை வெறுமையாக விட்டுவிடும். ஒரு நாளுக்கு இரண்டு எழுத்திடம், நாட்களுக்கிடையே ஓரிடம்; எனவே ஏழு நாளுக்கு 14 உம் இடைவெளிக்கு 6 உமாக ஒரு மாதத்தின் அகலம் 20 எழுத்திடம். ஆண்டு முழுவதையும் கேட்டால், வரிசைக்கு மூன்று மாதமாக அடுக்கும். மூன்று மாதத்துக்கு 60. அவற்றுக்கிடையே 6 வீதம் இரண்டு இடைவெளிக்கு 12. ஆக 72 எழுத்திடம். அகலத்தையும் இடைவெளியையும், வரிசைக்கு எத்தனை மாதம் என்பதையும் நாம் விரும்பியவாறு மாற்றலாம். வாரம் எந்தக் கிழமையில் தொடங்குவது என்பதையும் மாற்றலாம். நாம் ஒன்றும் சொல்லாவிடில் அது திங்களையே முதலாகக் கொள்ளும். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ஓதிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு அது சற்று விந்தையாகத் தோன்றும். முதற் கட்டத்திலேயே மனிதர் செய்த தெரிவு ஒன்று மறைந்திருக்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

மாதத்துக்கு எத்தனை நாள் என்னும் கணக்கு பெப்ரவரியிலேதான் சிக்கலாகிறது. நான்கால் வகுபடும் ஆண்டு நெட்டாண்டு, அதாவது லீப் வருடம். ஆயின் நூறால் வகுபடும் ஆண்டு நெட்டாண்டு அன்று. நானூறால் வகுபடுமாயின் மீண்டும் நெட்டாண்டே. ஆகையால் 1900 நெட்டாண்டாகவில்லை; 2000 நெட்டாண்டாயிற்று. இவ்விதியின்படி 400 ஆண்டுக்குள் 97 நெட்டாண்டுகள் அமையும். அந்த 400 ஆண்டின் மொத்த நாட்கள் 146,097. அதனை ஏழால் வகுத்தால் மிச்சமின்றி 20,871 வாரம் வரும். எனவே நானூறு ஆண்டுக்கொருமுறை நாட்காட்டி கிழமை பிசகாமல் அப்படியே திரும்பி வருகிறது. கணினிக்கு இதனினும் உவப்பான கணக்கு வேறில்லை.

இந்த ஒழுங்கு எப்பொழுதும் இருந்ததன்று. யூலியஸ் சீசர் கி.மு. 45 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நாட்காட்டியில் நான்காண்டுக்கு ஒரு நெட்டாண்டு என்னும் விதி மட்டுமே இருந்தது. ஆண்டின் அளவு 365 நாளும் கால்நாளும் என்பது அதன் அடிப்படை. உண்மையான பருவ ஆண்டோ அதனினும் ஏறத்தாழ 11 நிமிடம் குறைந்தது. பதினொரு நிமிடம் என்பது ஒரு மனிதரின் வாழ்நாளில் யார் கண்ணிலும் படாத பிழை. ஆனால் 128 ஆண்டில் அது ஒரு நாளாகிறது. பதினாறாம் நூற்றாண்டளவில், இரவும் பகலும் ஒத்து நிற்கும் வசந்தகால நாள் நாட்காட்டியில் பத்து நாள் முன்னேறிவிட்டது. ஈஸ்டர்ப் பண்டிகை அந்நாளைக் கொண்டே கணிக்கப்படுவதால், பாப்பரசர் 13 ஆம் கிறகரி 1582 இல் திருத்தமொன்றை ஆணையிட்டார். அத்திருத்தத்தை வகுத்தவர் இத்தாலிய மருத்துவரான லூயிஜி லீலியோ. அதனை விளக்கிக் காத்து நின்றவர் கணித வல்லுநரான கிறிஸ்தோபர் கிளாவியுஸ். 1582 ஒக்டோபர் 4 ஆம் நாள் வியாழக்கிழமை. அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை ஒக்டோபர் 15 என எண்ணப்பட்டது. கிழமை தொடர்ந்தது, திகதி மட்டும் தாண்டியது.

இத்தாலி, ஸ்பெயின், போர்த்துக்கல், போலந்து ஆகிய நாடுகள் உடனே இணங்கின. பாப்பரசரின் ஆணை என்பதாலேயே பல நாடுகள் மறுத்தன. ஒவ்வொரு நாடும் தனக்கேற்ற காலத்திலே மாறிற்று. ருஷியாவில் 1918 ஜனவரி 31 இன் மறுநாள் பெப்ரவரி 14 ஆயிற்று. சுவீடனிலோ மாற்றத்தைச் சிறிது சிறிதாகச் செய்யப் புகுந்து குழம்பி, பழைய கணக்குக்கே திரும்பும்பொருட்டு 1712 இல் பெப்ரவரிக்கு 30 நாள் வைத்தார்கள். சுவீடன் நாட்டு மக்கள் உண்மையாகவே வாழ்ந்து கழித்த அந்தப் பெப்ரவரி 30 ஐ, நான் சொன்ன பைதன் நூலகம் காட்டமாட்டாது.

இங்கிலாந்து 170 ஆண்டு பொறுத்திருந்தது. செஸ்டர்ஃபீல்டு பிரபு கொண்டுவந்த மசோதாவைப் பாராளுமன்றம் 1751 இல் சட்டமாக்கியது. அதற்குள் வேறுபாடு பதினொரு நாளாகிவிட்டது. 1752 செப்டெம்பர் 2 புதன்கிழமை. மறுநாள் வியாழக்கிழமை செப்டெம்பர் 14. ஆண்டுப் பிறப்பும் மார்ச் 25 இலிருந்து ஜனவரி 1 க்கு மாற்றப்பட்டது. ஆகவே இங்கிலாந்தின் 1751 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பிறந்து டிசெம்பர் முடிவில் 282 நாளோடு மறைந்தது.

பதினொரு நாள் இல்லாமற் போனால் வாடகை என்னாவது? கூலி என்னாவது? கடனுக்கு வட்டி எத்தனை நாளுக்கு? இவற்றைச் சட்டம் இயற்றியோர் மறக்கவில்லை. வாடகையும் கடனும் இயற்கையாகக் கழியும் நாட்களின் எண்ணிக்கைப்படியே இறுக்கப்படவேண்டும் என்றும், உரிய வயதை அடைவதற்கும் உண்மையான நாட்களே கணக்கென்றும் சட்டத்திலேயே எழுதினார்கள். பழைய மார்ச் 25 உடன் பதினொரு நாளைக் கூட்டினால் ஏப்ரில் 5 வரும். பிரித்தானியாவின் வருமானவரி ஆண்டு இன்றும் ஏப்ரில் 5 இல் முடிந்து 6 இல் தொடங்குவதை அந்த மாற்றத்தின் எச்சமெனக் கொள்வர். இழந்த நாட்களைத் திருப்பித் தருமாறு கேட்டு மக்கள் கலகம் செய்தனர் என்னும் கதை நெடுங்காலம் வழங்கியது. ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் தேர்தல் விருந்து ஓவியத்திற் காணப்படும் வாசகப் பலகையே அக்கதைக்கு உரமூட்டியது. கலகம் நடந்ததற்குத் தக்க சான்றில்லை என்பதே இக்கால வரலாற்றாசிரியரின் முடிவு.

இப்பொழுது மீண்டும் கணினிக்கு வருவோம். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் ஆக்கிய யுனிக்ஸ் என்னும் இயக்கமுறைமைக்கு முதற் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. அதிலேயே கலண்டர் என்னும் சொல்லின் முதலெழுத்துகளாற் பெயரிடப்பெற்ற ‘கல்’ என்னும் கட்டளை இடம்பெற்றிருந்தது. இன்றைய யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளிலும் அது வழங்குகிறது. அதனிடம் 1752 செப்டெம்பரைக் கேட்டால் மூன்றே வரிகள் காட்டும். முதல் வரியில் 1, 2, 14, 15, 16. அடுத்த இரு வரிகளில் 17 முதல் 30 வரை. அமெரிக்கா அக்காலத்தில் இங்கிலாந்தின் குடியேற்ற நாடாக இருந்ததாகையால், இங்கிலாந்தின் சட்டம் ஆக்கியோரின் நாட்டு வரலாறுமாகும். எனவே அந்தப் பதினொரு நாள் இடைவெளியை நிரலிலே பொறித்துவைத்தார்கள். யாவா என்னும் மற்றொரு கணினிமொழியின் பழைய நாட்காட்டித் தொகுதி, நாம் வேறு சொல்லாவிடின், பாப்பரசரின் 1582 ஒக்டோபரையே திருப்பமாகக் கொள்கிறது. பைதனோ எந்த இடைவெளியையும் ஏற்பதில்லை. கிறகரியின் விதியைக் கிறகரி பிறப்பதற்கு முன்னைய காலத்துக்கும் நீட்டி, முதலாம் ஆண்டு வரையில் ஒரே ஒழுங்காக எழுதிச் செல்கிறது.

இம்மூன்றில் எது சரி? இவ்வினாவை யாழ்ப்பாணத்தில் நின்று கேட்டுப் பார்ப்போம். 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. ஆங்கிலேயர் வந்தது 1795, 1796 ஆம் ஆண்டுகளில். ஒல்லாந்து மாகாணம் 1583 இன் தொடக்கத்திலேயே கிறகரியின் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனியும் அதனையே கைக்கொண்டது. ஆகவே 1752 செப்டெம்பரில் யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்த எழுதுவினைஞருக்கு ஒரு நாளும் காணாமற் போகவில்லை. இலண்டனிற் செப்டெம்பர் 2 எனப்பட்ட அதே புதன்கிழமை யாழ்ப்பாணத்தில் செப்டெம்பர் 13. இலண்டனில் இல்லாத செப்டெம்பர் 3 யாழ்ப்பாணத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமையாக வந்து சென்றது.

ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு ஏடுகளையும் காணி உறுதிகளையும் ஆராயும் மாணவன் ஒருவன், 1752 செப்டெம்பர் 5 செவ்வாய்க்கிழமை என்று திகதியிட்ட ஓர் ஏட்டைக் காண்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் ‘கல்’ கட்டளையைக் கேட்டால், அப்படியொரு நாளே இல்லை என்று தெரியவரும். பின்னே யாரோ எழுதிய போலி ஏடு என்று அவன் முடிவு கட்டிவிடலாம். பொய்யானது ஏடன்று, இலண்டனின் நாட்காட்டியை யாழ்ப்பாணத்துக்குப் பொருத்தியதே தவறு. பைதனைக் கேட்டிருந்தால் முழு மாதமும் கிடைத்திருக்கும், கிழமையும் பொருந்தியிருக்கும். அதற்காகப் பைதனே எங்கும் மெய் என்று கொள்வதும் தகாது. 1505 இல் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தபோது அவர்கள் எழுதிய திகதிகள் சீசரின் நாட்காட்டிக்குரியவை. அக்காலத் திகதியொன்றின் கிழமையைப் பைதனிற் பார்த்தால் மூன்று கிழமை பிசகும். பிற்கால நிரலாளர் இக்குறையை உணர்ந்து, எந்த நாட்டின் மாற்றத்தை ஏற்பது என்று தெரிவு செய்யும் வசதியையும் சில நாட்காட்டி நிரல்களிற் சேர்த்திருக்கின்றனர். கேட்கத் தெரிந்தவனுக்கே அந்த வசதி பயன்படும்.

திகதிதான் இப்படி, கிழமையாவது மாறாத ஒன்றா? ஏழு நாள் கொண்ட வாரத்தையும் மனிதர் மாற்றிப் பார்த்திருக்கின்றனர். பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793 இற் பத்து நாள் கொண்ட பகுப்பை ஏற்படுத்தினர். நெப்போலியன் காலத்தில் அது கைவிடப்பட்டது. சோவியத் ஒன்றியம் 1929 இல் ஐந்து நாள் வேலை வாரத்தையும், 1931 இல் ஆறு நாள் வாரத்தையும் நடத்திப் பார்த்து, 1940 இல் ஏழுக்கே திரும்பியது. இவை எட்ட உள்ள நாடுகளின் செய்தி. நமது இலங்கையிலும் அத்தகைய காலம் ஒன்று உண்டு.

1966 ஜனவரி முதல், டட்லி சேனாநாயக்காவின் அரசாங்கத்தில், சனி ஞாயிறு ஓய்வுக்குப் பதிலாகப் போயா தினமும் அதையொட்டிய முன்னாளும் வார ஓய்வுக்குரியவையாயின. பூரணை, அமாவாசை, இடைப்பட்ட இரு அட்டமிகள் என மதியின் நான்கு நிலைகளே வாரத்தின் எல்லைகள். மதி ஒரு சுற்று முடிக்கச் சராசரி 29.53 நாளாகும், அதனை நான்காற் பிரித்தால் 7.38. ஆகையால் சில வாரம் ஏழு நாளாகவும் சில வாரம் எட்டு நாளாகவும் நீண்டன. பௌத்த மக்களுக்கு அது மரபுவழி வந்த வழிபாட்டு நாளைப் பொதுவாழ்வில் நிலைநாட்டிய ஏற்பாடு. கிறிஸ்தவ மக்களுக்கோ ஞாயிறு வேலை நாளாயிற்று. சனி ஞாயிறு மூடித் திங்கள் திறக்கும் வெளிநாட்டு வங்கிகளோடும் வணிகரோடும் தொடர்புடையோர் இரண்டு நாட்காட்டிகளை ஒருங்கே பார்க்கவேண்டியதாயிற்று. பாடசாலை நேரசூசி வகுக்கும் தொழிலறிந்தோர், சில வேளை ஏழும் சில வேளை எட்டுமாக வரும் வாரத்துக்குப் பாடம் பிரிப்பது எத்தகைய வேலையென்பதை எளிதில் உணர்வர். ஆறாண்டு நிறையுமுன், 1971 இல், சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்திற் பழைய முறை மீண்டது. அவ்வாண்டின் 29 ஆம் இலக்க விடுமுறைகள் சட்டத்தின்கீழ்ப் பூரணைப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது.

கணினி நூலகத்தைக் கேட்டால் 1968 ஆம் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களையும் ஏழு பத்திகளில் அழகாக அடுக்கித் தரும். அது தரும் கிழமைகள் சரியே. ஆயின் எந்நாளில் அலுவலகம் திறந்திருந்தது, எந்நாளில் மூடியிருந்தது என்பதை அந்த அட்டவணை அறியாது. அவ்வாண்டிலே ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஒப்பமிட்ட அரசாங்கக் கடிதத்தைக் கண்டு இக்கால இளைஞர் ஐயுறலாம். சனியையும் ஞாயிற்றையும் நீக்கி வேலை நாட்களை எண்ணும் நிரலொன்று, அக்காலத்து ஊழியரின் சேவை நாளைப் பிழையாகக் கணக்கிட்டுவிடலாம். ஒருவரின் உழைப்புக்குரிய கணக்கு, அவர் வாழ்ந்த நாட்காட்டியை மறந்த இயந்திரத்தின் கையிற் சிக்கிவிடலாகாது.

நம் தமிழ் மாதங்களை நோக்கினால் இந்நூலகத்தின் எல்லை இன்னும் தெளிவாகப் புலப்படும். சித்திரை, வைகாசி முதலிய மாதங்களின் நீளம் ஞாயிறு இராசிக்குட் புகும் நேரத்தைப் பொறுத்தது. 29 முதல் 32 நாள் வரை அது வேறுபடும். பன்னிரண்டு எண்களை எழுதிவைத்து நெட்டாண்டுக்கு ஒன்றைக் கூட்டும் முறை அங்கே செல்லாது. நம்மவருள்ளும் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என்னும் இரு கணிப்புகள் வழங்குகின்றன. புத்தாண்டு பிறக்கும் நேரத்தை அவை வெவ்வேறாகத் தருவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். இரண்டையும் மதித்து, எந்தப் பஞ்சாங்கம் என்று முதலிற் கேட்டுவிட்டே நாள் பார்க்கும் நம் பெரியோரின் வழக்கத்தில் ஆழ்ந்த அறிவு உண்டு.

எழுத்திலும் இத்தகைய இடர்ப்பாடு ஒன்று இருக்கிறது. கிழமைப் பெயரைத் தமிழிற் கொடுத்து மூன்று இடத்துக்குள் அடக்கச் சொன்னால், திங்கள் என்பதைப் பைதன் ‘திங’ என்று வெட்டும். வெள்ளி ‘வெள’ ஆகும். தமிழர் ‘தி’ என்பதை ஓரெழுத்தாக எண்ணுவர்; கணினியோ தகரத்தையும் இகரக் குறியையும் இரண்டாக எண்ணும். புள்ளியையும் தனியே எண்ணி, இடம் நிறைந்ததும் அதனைக் கைவிட்டுவிடும். திரையிலும் எழுத்துகளின் அகலம் ஒவ்வாமையாற் பத்திகள் நேராக நில்லா. ஆங்கில எழுத்தை அளவாக வைத்து வகுத்த கட்டம் அது. தமிழெழுத்தைத் தமிழர் எண்ணுமாறு எண்ணும் நிரலை எழுதல் இயலாததன்று. அதனைத் தமிழறிந்தோரே முன்வந்து எழுதவேண்டும்.

நேயர்களே, இதுகாறும் சொன்னவற்றின் சாரம் இதுதான். ஞாயிறும் திங்களும் தம்வழிச் செல்கின்றன. அச்செலவை எண்ணிப் பெயரிட்டு, இன்னநாள் வேலை, இன்னநாள் ஓய்வு, இன்னநாள் வாடகை என்று வகுத்தவர் மனிதர். அவ்வகுப்பு நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் வேறுபட்டது. கணினி அவ்வகுப்புகளில் ஒன்றை எடுத்துப் பிழையின்றிப் பின்பற்றுகிறது. எதனை எடுத்தது என்பதைத் தானாக முன்வந்து சொல்வதில்லை. ஆகவே திரையில் ஓர் அட்டவணை தோன்றியதும், இது எந்த நாட்டின் கணக்கு, எந்தக் காலத்துக்குப் பொருந்தும், யார் வகுத்த விதி என்று கேட்கும் பழக்கத்தை நம் மாணவரிடத்தில் வளர்க்கவேண்டும். பழைய உறுதிகளும் பிறப்பு, திருமணப் பதிவுகளும் இன்று கணினிக்குள் ஏறிவரும் காலத்தில், அப்பழக்கம் ஒருவருடைய காணியையும் பெயரையும் காக்கக்கூடும். கணக்கைக் கணினி செய்யட்டும். கேள்வியை நம் பிள்ளைகள் கேட்கட்டும்.